காலி நாற்காலியில் மேவிஸ்

"தட்டச்சு, தொலைபேசி, தேநீர். படப்பிடிப்பில் பங்கில்லை." மேவிஸ் ஸ்டப்பிங்ஸின் வேலையைப் பற்றி எங்கள் நிறுவனம் எழுதி வைத்திருந்தது இவ்வளவுதான். இதில் தேநீர்கூட சரியில்லை. அவர் போட்ட தேநீரை லண்டனில் யாரும் இரண்டாவது முறை கேட்டதில்லை.

ஞாயிறு இரவுகளில் ஓவியர்களையும் இசைக் கலைஞர்களையும் பற்றிப் படம் காட்டும் தொலைக்காட்சித் தொடர் எங்களுடையது. பல வருஷமாக ஓடியது. நான் அதில் படத்தொகுப்பாளன். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பேட்டி முடிந்து கலைஞர் எழுந்து போன பிறகு, பேட்டி எடுத்தவர் காலி நாற்காலியைப் பார்த்துத் தலையாட்டுவார். அதையும் படம் பிடித்துக்கொள்வோம். கலைஞரின் பேச்சை எங்கே வெட்டுகிறோமோ, அங்கே அந்தத் தலையாட்டலை ஒட்டினால் வெட்டு தெரியாது. உண்மையைக் காட்டுகிற படத்துக்கு இந்தப் பொய் இல்லாமல் முடியாது.

ஹானர் கார்சைட் என்ற வயதான ஓவியர், கடலில் மூழ்கிய தம்பியைப் பற்றிப் பேசும்போது கேமரா முன்னால் அழுதுவிட்டார். மறுநாள் எனக்குப் போன் செய்தார்.

"அழுததை மட்டும் எடுத்துடுங்க. அது என் தம்பிக்கு. ஊருக்கில்ல."

எடுத்துவிடுவதாக வாக்குக் கொடுத்தேன். வெட்டியும் விட்டேன். ஒட்டுவதற்குத்தான் ஒன்றும் இல்லை. பேட்டி எடுத்த லயனல் ப்ரூவிட் படித்தவர், இளகிய மனசுக்காரர், ஆனால் காலி நாற்காலிக்கு முன்னால் வெறும் மரங்கொத்தி. தம்பி மூழ்கினான் என்பதற்கு, மீன் விலை படிந்துவிட்ட மாதிரி தலையாட்டியிருந்தார்.

"நாளைக்குள்ள வேற தலையாட்டல் கிடைக்கலைன்னா அழுகை அப்படியே ஒளிபரப்பாகும்," என்று தயாரிப்பாளர் சொல்லிவிட்டார்.

அலுவலகத்திலேயே, பேட்டியில் பின்னால் தெரிந்த அதே நிறத் திரைச்சீலையைத் தொங்கவிட்டு மறுபடி எடுத்தோம். மறுபடியும் மரங்கொத்தி. தேநீரோடு வந்த மேவிஸ் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

"நாற்காலி என்ன சொல்லுது, லயனல்?"

"ஒண்ணும் சொல்லல மேவிஸ். அதுதானே கஷ்டம்."

"அப்ப நான் சொல்றேன். சிரிச்சீங்கன்னா இந்த டீயைக் குடிக்க வெச்சிருவேன்."

காலி நாற்காலியில் உட்கார்ந்து தன் கிளியைப் பற்றிச் சொன்னார். ஜெரால்ட் என்று பெயர். வியாழக்கிழமை காலையில் கூண்டுக்குள் செத்துக் கிடந்ததாம். கணவர் இறந்த பிறகும், அவர் குரலிலேயே "மேவிஸ், கெட்டில் கொதிக்குது" என்று சொல்லிக்கொண்டிருந்த கிளி.

"இப்பவும் கொதிக்குது, லயனல். சொல்லத்தான் ஆளில்ல."

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. லயனல் மெதுவாக, ஒரே ஒரு முறை, தலையை ஆட்டினார்.

ஞாயிறு இரவு திரையில் ஹானர் அழவில்லை. லயனலின் கனிவை ஒரு பத்திரிகை புகழ்ந்தது. ஹானர் போன் செய்து, "அன்னைக்கு அவர் இவ்வளவு கவனமா கேட்டாரா? எனக்குத் தெரியவே இல்லையே," என்றார். நான் மறுக்கவில்லை.

அதற்குப் பிறகு, மரணத்தையும் கடவுளையும் பற்றிக் கலைஞர்கள் சொன்னவற்றுக்கு லயனல் ஆட்டிய தலையெல்லாம் மேவிஸின் மூட்டுவலிக்கும் ஓதமேறிய சுவருக்கும் ஆட்டியதுதான். நன்றி சொல்லப் போனால் மேவிஸ் தேநீர் நீட்டுவார். நான் இரண்டாவது கோப்பையும் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

மேவிஸ் ஸ்டப்பிங்ஸ் ஓய்வு பெறும்வரை காலி நாற்காலியில் உட்கார்ந்து பேசினார்.