ரயில் நின்ற நிமிடங்கள்

வெர்னா ஹாகன் பள்ளிப் பேருந்து ஓட்டத் தொடங்கி இருபத்தாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. மினசோட்டாவின் வடமேற்கு மூலையில் பனி எப்படிக் கொட்டினாலும் அவள் வண்டி ஒருநாளும் சாலையை விட்டு இறங்கியதில்லை. அப்படிப்பட்டவளுக்கு அந்த ஆண்டு வாரத்துக்கு இரண்டு முறை திட்டு விழுந்தது. சர்க்கரை ஆலைக்குப் போகும் சரக்கு ரயில் தினமும் காலையில் அவள் பாதையின் குறுக்கே வரும். ரயில்வே கேட் திறந்து, பிள்ளைகளைப் பள்ளியில் இறக்குவதற்குள் மணி அடித்துவிடும்.

நேர அட்டவணை போடுகிறவன் ஆர்வில் லிண்ட்குவிஸ்ட். பள்ளியில் அவளோடு ஒரே வகுப்பில் படித்தவன்.

"ரயில் சராசரியா நாலு நிமிஷந்தான் நிறுத்துது, வெர்னா. அட்டவணையில அந்த நாலையும் குடுத்துட்டேன். மிச்சத்த எங்க தொலைக்கிற?"

"நாலுன்னு யாரு எண்ணிப் பாத்தா?"

"இதுல எண்ண என்ன இருக்கு? ஊருக்கே தெரியும்."

அந்தச் சமயத்தில்தான் வெர்னா மறுபடி கல்லூரியில் சேர்ந்திருந்தாள். இருபது வயதில், இரட்டைக் குழந்தைகள் பிறந்தபோது முடிக்காமல் விட்ட படிப்பு. புள்ளியியல் ஒரு பாடம் மட்டும் பாக்கி. அதை முடித்தால் பேருந்துப் பணிமனை அலுவலகத்தில் ஒரு வேலைக்கு மனுப் போடலாம். செவ்வாய்க்கிழமை மாலைகளில் வகுப்பு. ஆசிரியை மாரித் சோல்பெர்க் அவள் மகள்களைவிட இளையவள்.

பயிற்சித் தாளில் பல்புகள் எத்தனை மணி நேரம் எரியும் என்று கேட்டிருந்தார்கள்.

"டீச்சர், இது யாரு வீட்டு பல்புன்னே தெரியல. எரிஞ்சா என்ன, அணைஞ்சா என்ன எனக்கு?"

"அப்ப உங்களுக்கு எது முக்கியமோ அத எடுத்துக்கங்க. கணக்கு ஒண்ணுதான்."

மறுவாரமே வெர்னா, முன்பிருந்தே குறித்துவந்த ஒரு சின்ன நோட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். பதினொரு நாள் கேட்டில் காத்திருந்த நேரம். சராசரி ஒன்பது நிமிடம்.

மாரித் படித்துவிட்டு, "இந்தப் பதினொரு நாள மட்டும் எப்படித் தேர்ந்தெடுத்தீங்க?" என்றாள்.

"கோவம் வந்த அன்னிக்கெல்லாம் எழுதிவச்சேன்."

வகுப்பே சிரித்தது. மாரித்தும் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றாள். "அப்ப இது ரயிலோட சராசரி இல்லங்க. உங்க கோவத்தோட சராசரி."

வெர்னாவின் முகம் ஒரு நொடி சிவந்தது. பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அன்று வீட்டுக்குப் போனதும் ஏப்ரல் வரைக்குமான பள்ளி நாட்களையெல்லாம் துண்டுச் சீட்டுகளில் எழுதி, சூப் பானையில் போட்டுக் குலுக்கி, கண்ணை மூடிக்கொண்டு முப்பத்தாறு சீட்டுகளை எடுத்தாள். அந்த முப்பத்தாறு காலைகளில் மட்டும், கோபம் வந்தாலும் வராவிட்டாலும், கேட் மூடியதிலிருந்து திறக்கும்வரை கடிகாரம் ஓடும். பேருந்தில் ஏறும் பிள்ளைகள், "இன்னிக்குச் சீட்டு நாளா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். ஒருநாள் ரயில் ஒன்றரை நிமிடத்தில் போய்விட்டது. அதை எழுத அவளுக்கு மனமே வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள்.

ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை காலை, சமையலறை மேசையில் கணக்கை முடித்தாள். சராசரி ஐந்து புள்ளி இரண்டு நிமிடம். உண்மையான சராசரி நான்குதான் என்று வைத்துக்கொண்டால், இவ்வளவு அதிகமான சராசரி தற்செயலாக அமைய ஆயிரத்தில் இரண்டு மூன்று வாய்ப்புதான் தேறும். ஆர்வில் சொன்ன நாலு அடிபட்டுப் போனது. ஆனால் அவள் சொல்லித் திரிந்த ஒன்பதும்தான் அதோடு போனது. வெர்னா கொஞ்ச நேரம் பென்சிலைக் கடித்தாள். பிறகு இரண்டுமே தப்பு என்று தாளில் எழுதி, உண்மையான சராசரி எதிலிருந்து எதுவரை இருக்கலாம் என்பதையும் கீழே குறித்தாள்.

திங்கட்கிழமை ஆர்வில் அந்தத் தாளை மேலும் கீழும் பார்த்தான்.

"அப்ப நீ சொன்னதும் தப்பு."

"உன்னவிடப் பெரிய தப்பு. ஆனா நான் எண்ணிப் பாத்துட்டேன்."

"இது என்ன, நாலு புள்ளி நாலுலேர்ந்து ஆறு வரைக்கும்? ஒரு பதிலச் சொல்லத் தெரியாதா?"

"திருவிழாவுல வளையம் எறிவமே, அந்த மாதிரி. முளைதான் உண்மையான சராசரி. அது ஒரே எடத்துல நிக்குது. எங்கன்னு நமக்குத் தெரியாது. நான் வளையத்த எறியிறேன். இதே மாதிரி நூறு தடவ எண்ணி நூறு வளையம் எறிஞ்சா, தொண்ணூத்தஞ்சு வாக்குல முளையில விழும். உன்னோட நாலு இந்த வளையத்துக்குள்ள இல்ல."

ஆர்வில் காபியைக் குடித்து முடித்தான். பிறகு அட்டவணையை எடுத்து நான்கை அடித்து ஆறு என்று எழுதினான். "ஆறத் தாண்டினா?"

"தாண்டற நாளும் வரும்."

"அன்னிக்குத் திட்ட மாட்டேன், போ."

தேர்வில் வெர்னாவுக்கு முதல் நிலை கிடைத்தது. மகள்கள் இருவரும் வெளியூரிலிருந்து வந்து, அம்மாவுக்குப் பட்டமளிப்புத் தொப்பியை மாட்டிவிட்டு, கல்லூரி வாசலில் சத்தமாகப் பாடி மானத்தை வாங்கினார்கள். ஆகஸ்டில் அலுவலக வேலையும் கிடைத்தது.

அதற்குள் பணிமனையில் யார் எதை அடித்துச் சொன்னாலும், "வெர்னாகிட்டக் கேளு" என்பது வழக்கமாகிவிட்டது. ஒருநாள் ஆர்வில் அவள் மேசைமுன் வந்து நின்றான். புதுத் தூண்டில் இரையில் மாட்டுகிற மீன் பழைய இரையில் மாட்டியதைவிடப் பெரிசாக இருக்கிறதாம்; ஆனால் வாராவாரம் மீன் பிடிக்கப் போவதற்கு வீட்டில் திட்டாம்.

"எத்தன மீனு?"

"அஞ்சு."

அவன் சொன்ன எடைகளை வெர்னா கணக்குப் போட்டுப் பார்த்தாள். "பெரிசுன்னு சொல்ல ஆதாரம் பத்தல."

"அப்ப பெரிசு இல்லங்கறியா?"

"அதையும் சொல்லல. இன்னும் நெறையப் பிடிச்சுப் பாத்தாத்தான் தெரியும்."

ஆர்வில் முகம் மலர்ந்தது. "இத அப்படியே ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு. வீட்டுல காட்டணும்."