தராசுக்கடையில் விழுந்த எலுமிச்சை

என் தம்பி தராசுக்காரன். மைசூரு கடைகளுக்கு எலக்ட்ரானிக் தராசு விற்பதும் பழுது பார்ப்பதும் அவன் பிழைப்பு. போன வருஷம் ஏதோ வீடியோக்களைப் பார்த்து, பூமி தட்டை என்று நம்பத் தொடங்கினான். தொலையட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் பத்தாவது முடித்த மகளிடம், "பொய்யைப் படிக்க உன்னை அனுப்ப மாட்டேன், காமர்ஸ்ல சேரு" என்றுவிட்டான். அட்மிஷனுக்கு மறுநாள்தான் கடைசி. அவள் போனில் அழுதாள். நான் பி.யு. காலேஜில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பிசிக்ஸ் நடத்துகிறவள். கோபத்தோடு நேரே அவன் கடைக்குப் போனேன். அவளும் அங்கேதான் இருந்தாள்.

கல்லாவில் சாமி படத்துக்கு முன்னால் இருந்த எலுமிச்சையை எடுத்துக் கீழே போட்டேன். "இது ஏன் விழுந்துச்சு?"

"விழலீங்க்கா. தரைதான் மேல வந்து தொட்டுச்சு. பூமி வேகம் கூடிக்கூடி ஏறிட்டே இருக்குது. லிஃப்ட் கிளம்பறப்ப உடம்பு கனக்குதில்ல, அதேதான். இல்லைன்னு காட்டுங்க, இவளை சயன்ஸ்ல சேக்கறேன்."

மூடிய அறைக்குள் ஒரு பொருள் விழுவதை மட்டும் பார்த்து, பூமி இழுக்கிறதா, தரை ஏறுகிறதா என்று சொல்ல முடியாது. வகுப்பில் நானே நடத்தும் பாடம் அது. பொய் சொல்ல நா எழவில்லை.

"எலுமிச்சையை வச்சுக் காட்ட முடியாது" என்றேன்.

"பாத்தீங்களா!" என்று மேஜையைத் தட்டினான். அவன் மகள் என்னையே பார்த்தாள். சேட்டிலைட், சந்திர கிரகணம் என்று அடுக்கினேன். எல்லாம் கம்ப்யூட்டர் படம் என்றான்.

அவள் போய், அன்று டெல்லியிலிருந்து வந்திருந்த தராசுப் பெட்டி ஒன்றைப் பிரித்தாள். அங்கே கம்பெனியில் சரிபார்த்து அனுப்பியதுதான். அதன்மேல் ஒரு கிலோ எடைக்கல்லை வைத்தாள். ஒரு கிராமுக்கு மேல் குறைத்துக் காட்டியது.

"ஏன்ப்பா குறையுது?"

"லாரில குலுங்கி வருதில்ல. கல்லை வச்சு இங்க மறுபடி செட் பண்ணுவோம். எப்பவும் பண்றதுதானே?"

"குலுங்குனா ஒண்ணு கூடக் காட்டணும், ஒண்ணு குறையணும். நம்ம கடையில எப்பவுமே குறையுது. தரை எல்லா ஊருலயும் ஒரே வேகத்துல ஏறுனா டெல்லில காட்டுன எடைதானே இங்கயும் காட்டணும், இல்லையா? ஒரு பக்கம் மட்டும் வேகமா ஏறுனா உங்க தட்டை பூமியே உடைஞ்சிரும்ப்பா."

டெல்லியைவிட மைசூரில் ஈர்ப்பு ஒரு இம்மி குறைவு, எலக்ட்ரானிக் தராசு அந்த இழுப்பைத்தான் அளக்கிறது என்று எனக்குத் தெரியும். தம்பி கடையில் அது அன்றாடம் தெரிகிறது என்பதுதான் எனக்குத் தோன்றவே இல்லை.

அவன் முகம் சிவந்தது. கை ஓங்கிவிடுவானோ என்று பயந்து அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"இன்னொரு பெட்டியப் பிரி" என்றான்.

அதிலும் குறைவு. அடுத்ததிலும் குறைவு. கல்லைத் துணியால் துடைத்து அவனே வைத்துப் பார்த்தான். அப்போதும் குறைவுதான்.

குனிந்து எலுமிச்சையை எடுத்துச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தான். என் பக்கம் திரும்பவே இல்லை.

"சயன்ஸே எடுத்துக்கோ புள்ள" என்றான். பிரித்த பெட்டிகளை மூடிக்கொண்டே, "ஆனா பூமி தட்டைதான்."