சேணத்துக்கு வைச்ச சந்தனப் பொட்டு

எனக்கு உந்தப் பேய் பிசாசுக் கதையளிலை துளியும் நம்பிக்கை இல்லை, அதை முதலே சொல்லிப்போடுறன். லிஃப்ட் திருத்திறதுதான் என்ரை வேலை. லிஃப்ட் தன்பாட்டிலை மேலை போகுது, ஆரோ ஆவி அமத்துது எண்டு சனம் பயந்து கூப்பிடும், திறந்து பாத்தால் ஒரு வயர் கழண்டிருக்கும். அப்பிடிப்பட்ட நான் இதைச் சொன்னால் நீங்கள் சிரிப்பியள். சிரியுங்கோ, பரவாயில்லை.

எனக்கு ஒரு விசர் இருக்கு, வெள்ளி வேலைப்பாடு செய்த பழைய அமெரிக்கக் குதிரைச் சேணங்கள் சேர்க்கிறது. குதிரையிலை ஏறத் தெரியாது, கிட்டப் போகவே பயம், ஆனால் சேணத்தைக் கண்டால் கை சும்மா இராது. சுவிஸிலை, ஆராவ் நகரத்திலை எங்கடை கட்டிடத்துக்குக் கீழை இருக்கிற கெல்லரிலை, குண்டு விழுந்தாலும் தாங்கிற அந்தத் தடிச்ச கதவுக்குப் பின்னாலை, மற்றவை வைனும் உருளைக்கிழங்கும் வைப்பினம், நான் சேணம் வைச்சிருக்கிறன்.

அதிலை ஒண்டு ப்ரூனர் எண்ட கிழவற்றை. அவற்றை வீட்டு லிஃப்ட் பாக்கப் போய்த்தான் பழக்கம். சேணம் முழுக்க வெள்ளிப் பூ, முன்னுக்கு ஒரு கொம்பு, அந்தக் கொம்பின்ரை தலையிலையும் ஒரு வெள்ளி மூடி. குதிரையிலை ஏறேக்கை வலக்கையாலை அதைத்தான் பிடிக்கிறவராம். வருசக்கணக்காக் கேட்டும் மனுசன் தரேல்லை. பிறகு பாரிசவாதம் வந்து, வலக்கையும் பேச்சும் போய், முதியோர் ஹோமிலை கிடந்தார். மகள்தான் எனக்கு வித்தவ.

ஒரு கிழமையிலை மகள் ரெலிபோன் எடுத்தா. சேணம் போனது தெரிஞ்ச நாளிலை இருந்து அப்பா சாப்பிடுறார் இல்லை, ஒருக்கா வந்து அது பத்திரமா இருக்கெண்டு சொல்லுவியளோ எண்டு கேட்டா. எனக்குப் பக்கெண்டுது. கிழவர் திருப்பிக் கேட்டால் குடுக்கத்தான் வேணும், குடுக்க மனமும் இல்லை.

நான் போக இருந்ததுக்கு முதல்நாள் வெள்ளிக்கிழமை. என்ரை மனுசி சந்தனம் குழைச்சுக்கொண்டு கெல்லருக்கு இறங்கி வந்தா. புதுக் காருக்கும் வைப்பா, உடுப்புத் தோய்க்கிற மெஷினுக்கும் வைப்பா.

"இஞ்சரப்பா, உதும் வாகனந்தானே" எண்டு கொம்பின்ரை தலையிலை வடிவா ஒரு பொட்டு வைச்சா.

விடியப் போய்ப் பாக்கிறன், பொட்டு இல்லை. காஞ்சு விழேல்லை, ஆரோ ஒராள் பொத்திப் பிடிச்ச மாதிரி இழுபட்டுக் கிடந்தது. கெல்லர்க் கதவின்ரை திறப்பு என்னட்டை மட்டுந்தான். ஈரத்துக்கு வழுகியிருக்கும் எண்டு துடைச்சுப்போட்டு ஹோமுக்குப் போனன்.

பின்னேரம், நல்ல வெயில். கிழவர் யன்னலடியிலை இருந்தார், காலமை வைச்சதெல்லாம் சாப்பிட்டவராம். போர்த்துக்கல்காரத் தாதி ஒராள் அவற்றை மடங்கிப்போன வலக்கையை மெல்ல விரிச்சுக் கழுவப் பாத்தா.

"இதென்ன மஞ்சள் களிம்பு, ஆர் பூசினது?" எண்டா.

கிட்டப் போய் மணந்து பாத்தன். நம்பினால் நம்புங்கோ, சந்தனம். அதுவும் எங்கடை வீட்டுச் சந்தனம், மனுசி அதுக்குள்ளை கொஞ்சம் பன்னீர் விடுறவ. நான் அதுவரைக்கும் கிழவரைத் தொடவுமில்லை. அங்கை தமிழாக்கள் ஆரும் வேலை செய்யினமோ எண்டும் விசாரிச்சன், ஒருத்தருமில்லை.

கிழவர் என்னைப் பாத்தார். வாய் ஒருபக்கம் இழுக்க, "மெர்சி" எண்டு நன்றி சொன்னார். பேச்சே இல்லாத மனுசன். சேணத்தைத் திருப்பிக் கேக்கேல்லை. எனக்குக் கண் கலங்கீட்டுது, ஏனெண்டு இண்டைக்கும் தெரியாது.

அந்த விண்டரே அவர் கண்ணை மூடீட்டார். அதுக்குப் பிறகு நான் பொட்டு வைக்க விடுறேல்லை. மனுசி கேட்டால், சந்தனம் பட்டால் வெள்ளி கறுக்கும் எண்டு சொல்லிச் சமாளிக்கிறன். உண்மை என்னெண்டால், வைச்ச பொட்டு அழிஞ்சு கிடந்தால் இனி ஆற்றை கையை விரிச்சுப் பாக்கிறது?

வெள்ளி மினுக்கிறதையும் வேணுமெண்டுதான் விட்டிட்டன். பூவெல்லாம் கறுத்துப்போச்சு. கொம்பின்ரை தலை மட்டும், இப்பவும் வந்து பாருங்கோ, கைபட்டுக் கைபட்டு மினுங்கிற மாதிரி இருக்கு.