மார்லிஸ் எழுதிய ஒரு வரி

அமெரிக்காவில் சுப்பீரியர் ஏரிக்கரையிலிருந்த அந்தப் பல்கலைக்கழகத்தின் நிலவியல் துறையில், யாருடைய கம்ப்யூட்டர் முரண்டு பிடித்தாலும் முதலில் வாயில் வரும் பெயர் மார்லிஸ் ஹோக்லண்ட். இரும்புத்தாது ஏற்றும் துறைமுக அலுவலகத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்தவள், தானே தட்டித் தட்டிக் கற்றுக்கொண்டு, துறையின் சர்வர் முழுவதையும் கையில் வைத்திருக்கும் நிலைக்கு வந்திருந்தாள். வாய் மட்டும் கொஞ்சம் நீளம். பேராசிரியர் என்றும் பார்க்க மாட்டாள்.

ஒருமுறை துறைத்தலைவர் வெண்டல் தன் போல்கா நடனப் பாட்டுகளையெல்லாம் சர்வரில் கொட்டி, பேக்கப் எடுக்கிற டிஸ்க்கை நிரப்பிவிட்டார். மார்லிஸ் அவர் அறைக்கே போய்விட்டாள்.

"ஏன் சார், இது கல்லு ஆராய்ச்சி பண்ற இடமா, கல்யாண மண்டபமா?"

"அம்மா தாயே, தெரியாம பண்ணிட்டேன், விட்ரு."

விடுவாளா? அன்றைக்கே பேக்கப் நிரலில் ஒரு வரி சேர்த்தாள்: பாட்டு, ஒலி ஃபைல் எதையும் நகல் எடுக்காதே. அதோடு அந்த வரியை மறந்தும் போனாள். பேக்கப்பும் தினமும் காலையில் "எல்லாம் சரி" என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

அதற்கு வெகுகாலம் கழித்து, ஒரு பனிக்காலத்தில் அவள் மகன் நீல்ஸ் சாலையில் வண்டி வழுக்கிச் செத்துப்போனான். ஒரே பிள்ளை. அன்று காலையில் அம்மாவின் போனில் அவன் விட்டுப்போன குரல் செய்தி ஒன்று இருந்தது. அப்பாவுக்குத் தெரியாமல் ஐஸ் துளைக்கும் மெஷினைத் தூக்கிக்கொண்டு உறைந்த ஏரியில் மீன் பிடிக்கப் போகிறானாம், அவ்வளவுதான். நடுவில் ஒரு சிரிப்பு.

போன் ஏரியில் விழலாம், வீட்டுக் கம்ப்யூட்டர் எப்போது வேண்டுமானாலும் காலை வாரலாம். மார்லிஸ் உலகத்தில் நம்பிய இடம் ஒன்றே ஒன்று, அவளுடைய சர்வர். அந்தக் குரலை அங்கே கொண்டுபோய் வைத்தாள். "இனிமே அது எங்கயும் போகாது டுவேன்" என்று புருஷனிடம் சொன்னாள். அவனும் நம்பி, பழைய போனைக் கடையில் கொடுத்துப் புதுசு வாங்கித் தந்தான். ஒவ்வொரு ஞாயிறும் சர்ச் விட்டு வந்ததும் வீட்டிலிருந்தே சர்வரைத் திறப்பாள். காபியைக் கையில் வைத்துக்கொண்டு இருவரும் ஒரு தடவை கேட்பார்கள். இரண்டாம் தடவை கேட்க இருவருக்குமே தெம்பு கிடையாது.

போன வசந்தத்தில் சர்வரில் ஒரு டிஸ்க் போனது. புதுசை மாட்டிக்கொண்டிருக்கும்போதே அடுத்ததும் படுத்துவிட்டது. ஒன்று போனால் சமாளிக்கலாம், இரண்டு போனால் சர்வரில் இருந்ததெல்லாம் போச்சு. துறையே கதிகலங்கிப் போயிற்று. மார்லிஸ் அசரவில்லை. பேக்கப்பிலிருந்து ஆய்வுக் கட்டுரைகள், நிலநடுக்க வரைபடங்கள், மாணவர் மதிப்பெண்கள் என்று ஒவ்வொன்றாக மீட்டெடுத்தாள். வெண்டல் கேக்கோடு வந்து நின்றார்.

"ஒரு ஃபைல்கூடப் போகலயே மார்லிஸ்! கில்லாடிம்மா நீ!"

எல்லாரும் கை தட்டினார்கள். அப்போதுதான் அவள் சர்வரில் தன் சொந்த ஃபைல்கள் இருந்த இடத்தைத் திறந்தாள். நீல்ஸின் பெயரில் இருந்த ஃபோல்டர் காலியாக இருந்தது. ஒலி ஃபைல் எதையும் நகல் எடுக்காதே என்று தானே எழுதிய அந்த வரி நினைவுக்கு வந்தது.

"என்னாச்சு, கேக் பிடிக்கலயா?" என்றார் வெண்டல்.

"பிடிச்சிருக்கு சார்" என்று சொல்லி ஒரு வாய் விழுங்கினாள். அந்த ஊர் ஆட்கள் அப்படித்தான், உயிரே போனாலும் ஒன்றும் இல்லை என்பார்கள்.

செத்த டிஸ்க்குகளைச் சொந்தச் செலவில் மீட்புக் கம்பெனிக்கு அனுப்பினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் டுவேனிடம் "சர்வர்ல வேலை நடக்குது" என்று சாக்குச் சொன்னாள். உள்ளே தட்டெல்லாம் கீறிப் போயிருக்கிறது, ஒன்றும் எடுக்க முடியாது என்று கம்பெனியிலிருந்து பதில் வந்தது. அடுத்த ஞாயிறு டுவேன் காபியோடு உட்கார்ந்தபோது, இனியும் பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள்.

டுவேன் காபிக் கோப்பையைக் கீழே வைத்தான். "மத்தவங்களோடது எல்லாம் வந்துடுச்சா?" என்றான்.

"வந்துடுச்சு."

"நல்லது."

"திட்டேன்டா! நாலு வார்த்தை திட்டித் தொலையேன்!" என்று மேசையில் தலை கவிழ்த்து அழுதாள். டுவேன் நாற்காலியை நகர்த்தி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"வார்த்தை எல்லாம் ஞாபகம் இருக்கு மார்லிஸ். சொல்லிப் பாக்கலாம். 'அம்மா, அப்பாகிட்ட சொல்லாத,' அப்புறம் சிரிப்பான்..."

மார்லிஸ் தலை தூக்கினாள். "இல்ல டுவேன். மெஷின்னு சொல்லிட்டுத்தான் சிரிப்பான்."

"இல்லம்மா. அப்பாகிட்ட சொல்லாதன்னு சொன்ன உடனே."

"மெஷினுக்கு அப்புறம்டா. எனக்கு நல்லாத் தெரியும்."

இருவரும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தார்கள். இரண்டும் சரியாகத்தான் பட்டது. அவன் எப்போது சிரித்தான் என்று போட்டுக் கேட்டுப் பார்க்க இனி எதுவும் இல்லை.