கோமதி எழுந்திருக்கும் நேரம்

1. முதல் நாள்

டெஸ்டராக உட்கார்ந்த முதல் நாளில், காலையிலிருந்து சாப்பாட்டு நேரம் வரை நான் "போய்விடு" என்ற பட்டனையே அழுத்திக்கொண்டிருந்தேன். திரையில் ஒரு பெண் நின்றாள். கீழே "பேசு", "போய்விடு" என்று இரண்டு பட்டன்கள். முன்பின் தெரியாத பெண்ணிடம் என்ன பேசுவது?

புரோகிராம் எழுதும் டில்லி எட்டிப் பார்த்தான்.

"இன்னாண்ணா, பொம்மையாண்ட கூடவா வெக்கம்? உன்ன கட்டிக்கவா சொல்லுது, பேரத்தான கேக்க சொல்லுது."

அடையாறில் ஒரு மாடியில் இயங்கிய சிறிய கேம் கம்பெனி அது. டீ வாங்கவும் கூரியர் கொடுக்கவும் சேர்ந்தவன் நான். படிப்பு ஐந்தாவதோடு சரி. கேமே ஆடாத ஒருவர் ஆடிப் பார்க்க வேண்டும் என்று முதலாளி ஸ்ரீதர் சார் என் கையில் போனைக் கொடுத்துவிட்டார்.

சாப்பிட்டு வந்து "பேசு" என்பதை அழுத்தினேன். அவள் பெயர் கோமதி.

2. தினமும் ஒரு பில்டு

கதையில் கோமதிக்கு மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் ஜெராக்ஸ் கடையில் வேலை. ஆடுகிறவர் திருவல்லிக்கேணி மேன்ஷனில் தங்கியிருக்கும் இளைஞன். இருவரும் பழகி, காதலித்து, கல்யாணப் பேச்சு வரும்போது அவளுக்கு ரத்தத்தில் நோய் என்று தெரியும். கடைசியில் இறந்துவிடுவாள்.

தினமும் காலையில் புது பில்டு, அதாவது திருத்திய கேம், வரும். கோமதி கடையில் நின்று, "ஒரு பக்கமா, ரெண்டு பக்கமுமா?" என்று கேட்பாள். மாலைக்குள் இறந்துவிடுவாள். கேம் எங்கே கிராஷ் ஆகி நின்றுவிடுகிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டு நான் பஸ் ஏறுவேன். அடையாறு பாலத்தைத் தாண்டும்போது தண்ணீரைப் பார்த்தபடி, இன்றைக்கு அவள் இருக்கிறாளா இல்லையா என்பதே ஒரு கணம் மறந்துபோகும். மாட வீதிப் பக்கம் போனால், ஜெராக்ஸ் மெஷினின் பச்சை வெளிச்சம் ஓடும் கடைகளின் முன் கால் தானாக நிற்கும்.

3. மருந்து

வெளியாட்கள் சிலருக்கு ஆடக் கொடுத்தோம். கோமதி ஏன் சாக வேண்டும் என்று எல்லோரும் கோபப்பட்டார்கள். ஸ்ரீதர் சார் எங்களை உட்காரவைத்தார்.

"எங்கம்மா ஆடினா. கோமதி போனதுலேருந்து எங்கிட்ட பேசறதில்ல. சாதத்த போட்டுட்டு உள்ள போயிடறா. ஒரு மருந்து வச்சிடலாம், மெர்சி. கஷ்டப்பட்டுத் தேடினா கெடைக்கட்டும். சரியா ஆடறவா காப்பாத்திக்கட்டும்."

கதை எழுதியவர் மெர்சி மேடம். சாந்தோம்காரர். அவருடைய அக்கா ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்து, இதே நோயில் போனவர். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"சரியா ஆடினா பொழைப்பான்னா, எங்க வீட்ல நாங்க தப்பா ஆடிட்டோமா சார்?"

 

"நான் அப்படிச் சொல்லலம்மா," என்றார் சார், மெதுவாக. "ஆனா எதுவுமே பண்ண முடியலேன்னா, அவா எதுக்கு ஆடணும்?"

அவர் கேட்டதும் நியாயமாகத்தான் பட்டது. மேடம் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை முடிவு செய்யலாம் என்று எழுந்தோம்.

4. இருட்டாத கடற்கரை

அடுத்த பில்டில் ஒரு பக், ஒரு பிழை, வந்தது. ஆஸ்பத்திரியில் சேருவதற்கு முன் கோமதி பெசன்ட் நகர் கடற்கரையில் ஒரு பெஞ்சில் உட்காருவாள். "இன்னும் கொஞ்ச நேரம்", "எழுந்திரு" என்று இரண்டு பட்டன்கள். முதலாவதை அழுத்த அழுத்த இருட்டி, நாள் முடிந்துவிட வேண்டும்.

அன்று இருட்டவில்லை. முதுகுப் பக்கமிருந்து விழுந்த சாயங்கால வெயில் தண்ணீர்மேல் அப்படியே நின்றது. அழுத்தினேன், சுண்டலில் மாங்காய் போதவில்லை என்றாள். அழுத்தினேன், செருப்பைக் கழற்றி மணலில் கால் வைத்தாள். சொன்னதையே திரும்பச் சொன்னபோதும் எனக்குப் புதிதாகத்தான் இருந்தது. அலை வந்துகொண்டே இருந்தது.

"இன்னாண்ணா, பீச்சாண்டயே குந்திக்கினு கீற?" என்று டில்லி வந்தான். பார்த்ததும் தலையில் கை வைத்தான். "அடச்சே. இந்த பெஞ்சுக்கு நாள எண்ற கவுண்டர கனெக்ட் பண்ண மறந்துட்டேன். இரு, சரி பண்றேன்."

எனக்கு யாரையும் தடுத்துப் பழக்கமில்லை. ஆனாலும் வாய் வந்துவிட்டது. "வேணாம்பா. மேடம் ஒரு தடவ பாக்கட்டும்."

மேடம் வந்தார். சாரும் வந்து பின்னால் நின்றார். நான் அழுத்திக்கொண்டே இருந்தேன்.

"ஆஸ்பத்திரிக்கு எப்ப போவா?" என்று கேட்டார் மேடம்.

"நாம எழுந்தாத்தான் மேடம்."

சார் திரைப் பக்கம் குனிந்தார். "பொழைக்க மாட்டா," என்றார். "ஆனா எப்ப எழுந்துக்கணும்கறது ஆடறவா கைல இருக்கு." பிறகு டில்லியிடம், "இத தொடாத. மருந்து வேண்டாம்," என்றார்.

5. கடைசி டெஸ்டிங்

வெளியிடுவதற்கு முன் மெர்சி மேடம் ஒருமுறை முழுவதும் ஆட வேண்டியிருந்தது. பெஞ்சுக்கு அப்பால் அவர் ஆடியதே இல்லை. ஜன்னல் ஓரம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். வைத்த டீயில் ஆடை படிந்தது. எடுத்துவிட்டு வேறு டீ வைத்தேன். அதிலும் படிந்தது. கீழே ஸ்கூல் வேன்கள் வந்து போயின. போனிலிருந்து அலைச் சத்தம் மட்டும் மெல்லக் கேட்டுக்கொண்டிருந்தது. டில்லிகூட அன்று கிண்டல் செய்யவில்லை.

பிறகு அந்தச் சத்தம் நின்றது. மேடம் கதையை முடிவு வரை ஆடிவிட்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, போனை என்னிடம் நீட்டினார்.

"எங்கயும் கிராஷ் ஆகலண்ணா."

அப்படியே ரிப்போர்ட்டில் எழுதினேன். ஒவ்வொரு காட்சிக்கும் ஆடியவர் எடுத்துக்கொண்ட நேரத்தைக் குறிக்க அதில் ஒரு கட்டம் உண்டு. இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: எல்லாக் கட்டத்தையும் ஒழுங்காக நிரப்புங்கள். எப்போதாவது ஒன்றைக் காலியாக விட வேண்டிவரும். அன்று பெஞ்சுக் காட்சியின் கட்டத்தை நான் விட்டேன். யாரும் கேட்கவில்லை.