பிரேம் அண்ணாவின் பேஸை நாளை யாரும் வாசிக்க வேண்டாம்

பிரேம் அண்ணா இறந்துவிட்டார். நம் புக்கிட் மேரா அடுக்குமாடி புளோக்கின் கீழே, சுவரில்லாத தரைத்தளமான வாய்ட் டெக்கில் அவரை வைத்திருக்கிறார்கள். ஜன்னலைத் திறந்தால் நாற்காலி இழுக்கும் சத்தம் மேலே வரை வருகிறது.

நேற்று லிட்டில் இந்தியாவில், ஒரு கடை மாடியில் பேண்ட் பிராக்டிஸ். பேஸ் கிட்டார் வாசித்துக்கொண்டே பாடியவர் மைக் முன்னால் அப்படியே விழுந்தாராம்... ஹார்ட் என்கிறார்கள். இருபத்தெட்டு வயது.

நான் நான்காவது மாடி கீர்த்தனா. அப்பா ஹாலில் படுத்திருக்கிறார். போர்வைக்குள் இருந்து, போனில் இந்தக் குடியிருப்புக் குரூப்பில் எழுதுகிறேன்.

அப்பாவுக்குத் தெரியாத ஒன்று. டியூஷன் முடிந்ததும் நான் அந்தக் கடை மாடிக்குப் போவேன். அண்ணாவின் பேஸில் இரண்டாவது பிக்கப்பை சால்டர் செய்தது நான்தான்.

பிக்கப் என்றால் கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருள். ஒன்றுதான் இருந்தது. அண்ணா மரத்தைக் குடைந்து, பின்னால் இன்னொன்றைப் பொருத்தினார். நான் ஸ்கூலில் எலக்ட்ரானிக்ஸ் எடுக்கிறேன் என்பதால் வயர் வேலை என்னிடம் வந்தது. "என் கை பரோட்டா அடிக்கிற கை, கீர்த்தி. நீயே பிடி."

முதல் தடவை இரண்டின் வால்யூமையும் சேர்த்துத் திறந்தபோது பேஸ் சத்தத்தையே காணோம். கொசு மாதிரி ஒரு குரல்தான் வந்தது...

"கல்யாண வீட்டுல ரெண்டு சித்தப்பா மாதிரி லா. தனித்தனியா நல்லாத்தான் பேசுறாங்க. சேர்ந்தா ஒருத்தர் வாய ஒருத்தர் அடைக்கிறாங்க" என்றார் அண்ணா.

ஒரு பிக்கப்பின் இரண்டு வயர்களை மட்டும் இடம் மாற்றி வைத்தேன். அடுத்த நோட்டில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. "இஞ்சினியர் மேடம்!" என்று கத்திவிட்டு மைலோ வாங்கப் போனார்.

ஒரு குறை மட்டும் இருந்தது. ஒரே ஒரு பிக்கப்பைத் திறந்தால் 'ம்ம்ம்' என்று இரைச்சல். இரண்டையும் முழுதாகத் திறந்தால் அடங்கிவிடும். ஆனால் பின்னால் பொருத்திய பிக்கப்பின் சத்தம் மட்டும்தான் அண்ணாவுக்கு வேண்டும்.

போன வாரம் அவர் ஆம்ப்ளிஃபயரின் பிளக்கைத் திறந்து, பச்சை மஞ்சள் எர்த் வயரைக் கழற்றிவிட்டார்.

"பார்த்தியா, பாதி இரைச்சல் போயிடுச்சு."

"அண்ணா, அது சேஃப்டிக்கு இருக்கு."

"பேண்ட்காரங்க எல்லாரும் பண்றதுதான். பயந்தாங்கொள்ளி!"

பேஸின் கம்பிகள் ஒரு வயர் வழியாக ஆம்ப்பின் உலோகக் கூட்டோடு சேர்ந்திருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். அந்த வயரையும் நான்தான் வைத்தேன்... ஆனால் எர்த் இல்லாமல் அந்தக் கூட்டில் கரண்ட் கசிந்தால், கம்பிக்கும் வரும். கை கம்பியில், உதடு எர்த்தோடு சேர்ந்த மைக்கில்...

அன்றைக்கே பாடும்போது மைக் அவரைச் சுருக்கென்று கடித்தது. "டேய், மைக் என்னைக் கிஸ் பண்ணுது டா!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

இன்று மாலை கீழே போய், டிரம்ஸ் வாசிக்கும் குமார் அண்ணாவிடம் இதைச் சொல்ல ஆரம்பித்தேன்.

"டாக்டரே ஹார்ட்னு சொல்லிட்டாங்க லா, கீர்த்தி. நாளைக்கு அவன எடுக்கிறதுக்கு முன்னால அவன் பேஸ்லயே ஒரு பாட்டு. நிஷா பாடிக்கிட்டே வாசிப்பா."

நிஷா பிரேம் அண்ணாவின் தங்கை. என் வகுப்பு.

மேலே பேசுவதற்குள் அப்பா பக்கத்தில் வந்து நின்றார். லிஃப்டில், "என்ன வயர் வயர்னு பேசிக்கிட்டிருந்த?" என்றார். ஸ்கூல் புராஜெக்ட் என்றேன்.

நிஷா போன் எடுக்கவில்லை. மெசேஜும் படிக்கவில்லை. அண்ணாவின் தலைமாட்டில் பேஸைச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் அதே ஆம்ப், அதே பிளக். மைக்கையும் ஸ்டாண்டில் நிறுத்திவிட்டார்கள்.

நான் நினைப்பது தப்பாக இருக்கலாம். டாக்டர் சொன்னதே சரியாக இருக்கலாம்... ஆனாலும் காலையில் கீழே போகிறவர்கள் இதை நிஷாவிடம் காட்டுங்கள். எலக்ட்ரீஷியன் பார்க்கும் வரை அந்த ஆம்ப்பைச் செருக வேண்டாம். யார் சொன்னாலும் வேண்டாம்.

அப்பாவின் நண்பர்கள் இங்கே இருக்கிறார்கள். அப்பாவும் பார்ப்பார். பார்க்கட்டும்.

போய் வாருங்கள், அண்ணா. நாளை பாட்டு இல்லையென்றால் கோபித்துக்கொள்ளாதீர்கள்...