தண்ணீர் மணி அடித்த நாள்

எங்கள் பள்ளி யாங்கூனின் வடக்கு ஓரத்தில், நகரப் பேருந்துகள் திரும்பிப் போகிற இடத்தில் இருந்தது. அரசுப் பள்ளிதான். ஆனால் ஒன்பதாம் வகுப்பில் தொழில்நுட்பப் பிரிவு என்று தனியாக ஒன்று உண்டு. தேர்வு வைத்து இருபத்தைந்து பேரைப் பொறுக்கி எடுப்பார்கள். அதில் நான் இருபத்து நாலாவது. அம்மா அக்கம்பக்கத்தில் இதைச் சொல்லும்போது இருபதை விழுங்கிவிட்டு, நாலாவதை மட்டும் உரக்கச் சொல்வாள்.

கணினி அறையின் சன்னல்களில் நீலத் துணி தொங்கும். மழைக்காலத்து மதியங்களில் அங்கே போய் உட்கார்ந்தால் ஆற்றுக்கு அடியில் உட்கார்ந்திருப்பது போலிருக்கும். வெளியே ஓயாத மழை. உள்ளே திரைகளின் மெல்லிய முனகல். திடீரென்று மின்சாரம் போய்விடும். யாரும் எழுந்திருக்க மாட்டோம். அந்த அரையிருட்டில், விசைப்பலகை மேல் கையை வைத்தபடி, என்றோ ஒருநாள் செய்யப்போகிற எந்திரங்களை நினைத்துக்கொண்டு காத்திருப்போம். என் எந்திரங்களுக்கெல்லாம் இறக்கை இருந்தது. அந்த அறையில் நான் படித்ததைவிடக் கனவு கண்டதுதான் அதிகம்.

எங்களுக்குப் பாடம் எடுத்த ஆசிரியையைப் பர்மிய வழக்கப்படி சயாமா என்று கூப்பிடுவோம். கொண்டையில் பூ வைத்துக்கொண்டு கம்பிகளுக்கு ஈயப் பற்று வைப்பார். அந்தப் புகையில்கூட மல்லிகை மணப்பதாக எனக்குத் தோன்றும்.

எங்கள் தெரு தாழ்வானது. வாய்க்கால் நிரம்பினால் தண்ணீர் சத்தமில்லாமல் வீட்டுக்குள் வந்து, அரிசி மூட்டையை நனைத்த பிறகுதான் தான் வந்ததைச் சொல்லும். அதனால் நானும் என் பெஞ்சுத் தோழியும் கண்காட்சிக்காக ஒரு தண்ணீர் மணி செய்தோம். ஒரு தொட்டி, ஒரு மிதவை, இரண்டு கம்பி, ஒரு மணி, அதை அடிக்க வைக்க நாங்களே கணினியில் எழுதிய கட்டளைகள். தண்ணீர் கோட்டைத் தொட்டால் மணி அடிக்க வேண்டும். பத்து முறைக்கு ஏழு முறை அடித்தது. மீதி மூன்று முறை தோழி தண்ணீரைத் திட்டினாள்.

நன்றாகச் செய்கிறவர்களில் இரண்டு பேரைப் பள்ளி முடிந்ததும் தொழில்நுட்பக் கல்லூரிக்குப் பரிந்துரை செய்வார்கள் என்று சயாமா சொல்லியிருந்தார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்பாவுக்குப் போட்டாதாங் படகுத்துறைக் கிடங்கில் வேலை. கண்காட்சி அன்று அரைநாள் விடுப்பு எடுத்து, இரண்டு பேருந்து மாறி, கல்யாணத்துக்குப் போடுகிற சட்டையில் வந்து மண்டபத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

எங்கள் முறை வருவதற்குள் மழை வந்துவிட்டது. சிறப்பு விருந்தினராக வந்த அதிகாரி மேடையில் பேசிக்கொண்டிருந்தார். தகரக் கூரை ஒழுக ஆரம்பித்தது, சரியாக எங்கள் தொட்டிக்கு மேலே. பள்ளியின் வளர்ச்சியைப் பற்றி அவர் உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்த இடத்தில் எங்கள் மணி அடிக்கத் தொடங்கியது.

நான் கம்பியைப் பிடுங்கப் போனேன். தோழி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“விடுடி, அடிக்குது பாரு!” என்று பர்மிய மொழியில் கிசுகிசுத்தாள்.

மண்டபமே சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். அதற்குள் அப்பா எழுந்து, தாழ்வாரத்தில் கிடந்த வாளியைக் கொண்டுவந்து ஒழுகிய இடத்தில் வைத்தார். அதிகாரி அவரைப் பள்ளிப் பணியாள் என்று எண்ணி, அந்த மூலையிலும் ஒன்று வை என்று விரலால் காட்டினார். அப்பா மறுபேச்சில்லாமல் இன்னொரு வாளியைத் தேடிப் போனார். எனக்குக் காது இரண்டும் எரிந்தன. அவர் என் அப்பா என்று சொல்ல வாய் வரவில்லை.

எல்லோரும் கலைந்த பிறகு சயாமா என்னையும் அப்பாவையும் கணினி அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் பரிந்துரைப் படிவம் இருந்தது. என் பெயரை ஏற்கெனவே எழுதியிருந்தார்.

“ஊலே, உங்க அடையாள அட்டையைக் குடுங்க” என்றார். ஊலே என்றால் மாமா, பெரியவர் என்று மரியாதை.

அப்பா சட்டைப் பையிலிருந்து, மழைக்காகப் பாலித்தீனில் சுற்றியிருந்த அட்டையை எடுத்துக் கொடுத்தார். சயாமா அதைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். பேனாவை மூடி வைத்தார். பிறகு அவர் நாற்காலியை விட்டு எழுந்து நின்று, கொஞ்சம் குனிந்து, பிக்குகளுக்குக் கொடுப்பது போல இரண்டு கைகளாலும் அட்டையை அப்பாவிடம் திருப்பிக் கொடுத்தார்.

“பொண்ணு நல்லா படிக்கிறா ஊலே. எப்படியாவது படிக்க வைங்க.”

“சரிங்க சயாமா” என்றார் அப்பா.

பிறகு வந்த பரிந்துரைப் பட்டியலில் என் பெயர் இல்லை. தோழியின் பெயர் வந்தது. அதிகாரியின் பேச்சுக்கு நடுவில் மணி அடித்ததற்கு யாரையாவது தண்டிக்க வேண்டியிருந்தது போலும் என்று நான் நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். பதினெட்டு வயதில் எனக்கென்று அட்டை வாங்க வரிசையில் நின்றபோதுதான், முழுக் குடியுரிமை உள்ளவர்களின் அட்டைக்கு ஒரு நிறம், எங்களைப் போன்றவர்களின் அட்டைக்கு வேறு நிறம் என்பதும், எங்கள் வீட்டு அட்டைகளின் நிறத்துக்குச் சில கல்லூரிகளின் கதவு திறக்காது என்பதும் தெரிந்தது. இப்போது நகரத்துக்குள் கியாக்டடாவில் ஒரு கடையில் கணினி பழுது பார்க்கிறேன். வேலை பிடித்துத்தான் இருக்கிறது.

ஆனால் கண்காட்சி நடந்த அன்று சாயங்காலம் எனக்கு இருந்த மகிழ்ச்சி கொஞ்சநஞ்சமல்ல. அதிகாரி வாளி தூக்க வைத்த அப்பாவுக்கு, எங்கள் சயாமா எழுந்து நின்று மரியாதை செய்துவிட்டாரே! வழியெல்லாம் அதையே பேசிக்கொண்டு வந்தேன். அப்பா ஈரத்தில் மெதுவாக நடந்து வந்தார்.

வீட்டில் அம்மாவும், சேதி கேட்க வந்த பக்கத்து வீட்டுக்காரர்களும் இருந்தார்கள். சொன்னால் போதாது என்று நடித்தே காட்டினேன். நான்தான் சயாமா. அப்பாவை எதிரே நிறுத்தி, என் நோட்டுப் புத்தகத்தை இரண்டு கையாலும் ஏந்தி, குனிந்து நீட்டினேன்.

“இப்படியா குடுத்தாங்க?” என்றாள் அம்மா, அப்பாவைப் பார்த்து.

“ஆமா. நல்ல மரியாதையாத்தான் குடுத்தாங்க” என்றார் அப்பா.

புதிதாக ஒருவர் வாசலில் வந்து நிற்கும்போதெல்லாம் மறுபடியும் காட்டினேன். மூன்று முறையோ நான்கு முறையோ. ஒவ்வொரு முறையும் அப்பா எழுந்து நின்று, இரண்டு கைகளையும் நீட்டி, அதை வாங்கிக்கொண்டார்.